ஆரக்கிள் பேக்கப்: ஃபுல்லுக்கும் இன்க்ரிமென்டலுக்கும் ஒரே ஸ்கிரிப்ட் போதுமா?

கேள்வியின் சுருக்கம்: லினக்ஸில் ஆரக்கிள் 19சி என்டர்பிரைஸ் எடிஷன், சுமார் 4 டெராபைட். பேக்கப் மென்பொருள் நெட்பேக்கப். ஞாயிறு இரவு ஃபுல் (தரவு முழுவதும்), மற்ற இரவுகளில் இன்க்ரிமென்டல் (மாறியவை மட்டும்). இரண்டுக்கும் தனித்தனி ஸ்கிரிப்ட் வேண்டுமா? இன்க்ரிமென்டல் ஏன் ஃபுல் எடுக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்கிறது? பேக்கப்பை 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை எங்கே சொல்வது, ஆரக்கிளோடு வரும் பேக்கப் கருவியான ஆர்மேனிலா, நெட்பேக்கப்பிலா?

ஒரே ஸ்கிரிப்ட் போதும். சொல்லப்போனால், ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு வைத்தால் கொஞ்ச காலத்திலேயே இரண்டும் இரண்டு வழிக்குப் போய்விடும். ஃபுல் ஸ்கிரிப்டில் சேனலை, அதாவது ஆர்மேன் தரவை அனுப்பும் இணை வழிகளை, கூட்டியிருப்பார்கள், இன்க்ரிமென்டலில் பழைய எண்ணிக்கையே இருக்கும். ஒன்றில் ஆரக்கிள் ஹோம் (ஆரக்கிள் மென்பொருள் நிறுவப்பட்ட கோப்புறை) பாதை 19சிக்கு மாறியிருக்கும், மற்றதில் 12சி அப்படியே கிடக்கும். இன்றிரவு ஃபுல்லா இன்க்ரிமென்டலா என்று முடிவு செய்வது ஷெட்யூலரின், இங்கே நெட்பேக்கப்பின், வேலை. ஸ்கிரிப்டுக்கு இரண்டே பொறுப்பு: ஷெட்யூலர் கேட்டதை ஆர்மேனுக்குப் புரியும் லெவலாக (0 என்றால் முழுவதும், 1 என்றால் மாறியவை மட்டும்) மாற்றிக் கொடுப்பது, ஆர்மேன் சொன்ன முடிவைக் கூட்டாமல் குறைக்காமல் ஷெட்யூலரிடம் திருப்பிச் சொல்வது. முதலாவதை எல்லோரும் ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்களுக்கு ஸ்கிரிப்டே தேவையா என்று பாருங்கள். நெட்பேக்கப் 7.6 முதல் ஆரக்கிள் இன்டெலிஜென்ட் பாலிசி என்று ஒரு வகை இருக்கிறது (எதை, எப்போது, எங்கே பேக்கப் எடுப்பது என்ற நெட்பேக்கப் அமைப்புக்குப் பாலிசி என்று பெயர்). தரவுத்தளத்தைப் பட்டியலில் சேர்த்து, ஃபுல், இன்க்ரிமென்டல், ஆர்க்கைவ் லாக் (தரவுத்தள மாற்றங்களின் பதிவு) ஷெட்யூல்களைத் தேர்ந்தெடுத்தால், ஆர்மேன் கட்டளையை அதுவே எழுதி ஓட்டிக்கொள்ளும். சாதாரணத் தேவைக்கு அதுவே நல்லது. பேக்கப்புக்கு முன் ஏதாவது ஒரு வேலையை நிறுத்த வேண்டும், இந்தச் சர்வர் இப்போது பிரைமரியா, அதன் மாற்று நகலான ஸ்டேண்ட்பையா என்று பார்த்து நடந்துகொள்ள வேண்டும், பாலிசித் திரையில் இல்லாத ஓர் ஆர்மேன் தெரிவு வேண்டும் என்றால்தான் ஸ்கிரிப்ட். உங்களுக்கு அப்படி ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். கட்டளைகளையும் மாறிகளையும் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள், நெட்பேக்கப் மாறிகள் எல்லாம் பெரிய எழுத்து.

உள்ளே நடப்பது இதுதான். பாலிசியில் வைத்த நேரம் வந்ததும் நெட்பேக்கப்பின் தலைமைச் சர்வரான மாஸ்டர், உங்கள் தரவுத்தளச் சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டை ரூட் பயனராக ஓட்டச் சொல்கிறது. ஸ்கிரிப்ட் ஆரக்கிள் பயனராக மாறி ஆர்மேனை எழுப்புகிறது. ஆர்மேன் எஸ்பிடி வகை (வெளி பேக்கப் மென்பொருளுக்குப் போகும்) சேனலைத் திறக்கும்போது, ஆரக்கிள் ஹோமில் இணைக்கப்பட்ட லிப்ஓபிகே என்ற நூலகம் வழியாக நெட்பேக்கப்புக்கே திரும்பி வந்து, ‘நான் தரவு அனுப்பப் போகிறேன், இடம் கொடு’ என்று கேட்கிறது. அதாவது நெட்பேக்கப் ஆர்மேனைக் கூப்பிடுகிறது, ஆர்மேன் மறுபடி நெட்பேக்கப்பைக் கூப்பிடுகிறது. பாலிசியில் இரண்டு வகை ஷெட்யூல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆட்டோமேட்டிக் ஷெட்யூல் ஸ்கிரிப்டைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். தரவு வந்து சேர்வது அப்ளிகேஷன் பேக்கப் ஷெட்யூலில். அதன் நேர வாசல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். வாரம் முழுக்க 24 மணி நேரமும் திறந்து வையுங்கள். இரவு 10 முதல் காலை 6 என்று வைத்தால், பகலில் ஒரு டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) கையால் ஓட்டும் ஆர்க்கைவ் லாக் பேக்கப் நிராகரிக்கப்படும். ஏன் என்று அவருக்குப் புரியவே புரியாது.

எந்த ஷெட்யூல் கிளப்பிவிட்டது என்பதை நெட்பேக்கப் சூழல் மாறிகளில் சொல்லி அனுப்புகிறது. ஃபுல் என்றால் ‘என்பி_ஓரா_ஃபுல்’ 1 ஆக இருக்கும். டிஃபரென்ஷியல் இன்க்ரிமென்டல் என்றால் ‘என்பி_ஓரா_இன்கர்’, க்யூமுலேட்டிவ் என்றால் ‘என்பி_ஓரா_சின்க்’ (இரண்டின் வித்தியாசம் கீழே வருகிறது). பாலிசியின் பெயரும் மாஸ்டரின் பெயரும் ‘என்பி_ஓரா_பாலிசி’, ‘என்பி_ஓரா_செர்வ்’ என்ற மாறிகளில் வரும். ஆகவே ஸ்கிரிப்டில் ஒரு இஃப் தொகுதி போதும்: முதலாவது 1 என்றால் இன்க்ரிமென்டல் லெவல் 0, இரண்டாவது என்றால் லெவல் 1, மூன்றாவது என்றால் லெவல் 1 க்யூமுலேட்டிவ்.

எந்த மாறியும் இல்லை என்றால்? நெட்பேக்கப்போடு வரும் மாதிரி ஸ்கிரிப்ட், அப்போது லெவல் 0 என்று எடுத்துக்கொள்ளும். யாராவது புதன்கிழமை மதியம் சும்மா சோதித்துப் பார்க்க அதை ஓட்டினால், 4 டெராபைட் ஃபுல் பேக்கப் கிளம்பிவிடும். இந்த இடத்தை மாற்றிவிடுங்கள். மாறி இல்லை என்றால், கையால் ஓட்டுபவர் லெவலை வாதமாகக் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் ஸ்கிரிப்ட் பிழையோடு நிற்க வேண்டும்.

மாதிரி ஸ்கிரிப்ட் என்றதும் இன்னும் இரண்டு விஷயம். அது ஓபன்வி என்ற கோப்புறைக்குள் ஆழத்தில் இருக்கும். நெட்பேக்கப்பை முன்பு வைத்திருந்த ஓபன்விஷன் நிறுவனம் 1997-இல் வெரிட்டாஸோடு சேர்ந்தது. பிறகு சைமன்டெக், மறுபடி வெரிட்டாஸ், 2024 டிசம்பரில் கொஹீசிட்டி என்று கைமாறியும் அந்தக் கோப்புறைப் பெயர் மட்டும் போகவில்லை. அது இருக்கட்டும். பழைய மாதிரிகளில் ‘ஸ்கிப் இன்ஆக்சசிபிள்’ என்று ஒரு வரி இருக்கும். படிக்க முடியாத டேட்டாஃபைலை, அதாவது தரவு இருக்கும் கோப்பை, தாண்டிப் போ என்று அர்த்தம். ஒரு வட்டு காணாமல் போன இரவில் பேக்கப் வெற்றி என்று முடியும், அந்த ஃபைல் மட்டும் அதில் இருக்காது. நீக்கிவிடுங்கள். அதே மாதிரியில் டேக் (பேக்கப்புக்கு வைக்கும் அடையாளப் பெயர்) ‘லெவல்0’ என்று நிலையாக எழுதியிருக்கும், இன்க்ரிமென்டலுக்கும் அதே டேக் விழும். ரீஸ்டோர் செய்யும் இரவில் பட்டியலைப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். டேக்கையும் லெவலோடு சேர்த்து அந்த இஃப் தொகுதியிலேயே அமைத்துவிடுங்கள்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று. ஆர்மேனில் வெறும் ‘பேக்கப் டேட்டாபேஸ்’ என்று கொடுத்தாலும் எல்லா பிளாக்கும் (தரவு சேமிக்கப்படும் சிறு துண்டு) வரும், ‘இன்க்ரிமென்டல் லெவல் 0’ என்று கொடுத்தாலும் எல்லா பிளாக்கும் வரும். உள்ளடக்கம் ஒன்றேதான். ஆனால் முன்னதை அடித்தளமாக வைத்து அடுத்து லெவல் 1 எடுக்க முடியாது. ஞாயிறு வெறும் ஃபுல், திங்கள் லெவல் 1 என்று ஓட்டினால், ஆர்மேன் பிழை காட்டாது. அடித்தளம் எதுவுமே இல்லை என்றால், டேட்டாஃபைல் உருவான நாள் முதல் மாறிய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகும். அதாவது இன்னொரு ஃபுல். உங்கள் இன்க்ரிமென்டல் ஃபுல் நேரம் எடுக்கிறது என்கிறீர்களே, சந்தேகிக்க வேண்டிய முதல் காரணம் இது. ஞாயிறு பேக்கப் பட்டியலில் லெவல் 0 என்று இருக்கிறதா, வெறும் ஃபுல் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஃபரென்ஷியலா க்யூமுலேட்டிவா? ஆர்மேனிலும் நெட்பேக்கப்பிலும் டிஃபரென்ஷியல் என்றால் கடைசியாக எடுத்த லெவல் 0 அல்லது 1-க்குப் பின் மாறியவை; க்யூமுலேட்டிவ் என்றால் கடைசி லெவல் 0-க்குப் பின் மாறியவை எல்லாம். எஸ்கியூஎல் சர்வரிலிருந்து வருபவர்கள் கவனம்: அங்கே டிஃபரென்ஷியல் என்பது ஆர்மேனின் க்யூமுலேட்டிவுக்குச் சமம். டிஃபரென்ஷியல் தினமும் சிறிதாக இருக்கும், ஆனால் சனிக்கிழமை விழுந்தால் ஞாயிறு லெவல் 0-உம் அடுத்தடுத்த லெவல் 1 எல்லாமும் வேண்டும். க்யூமுலேட்டிவ் என்றால் இரண்டு செட் போதும். என் விருப்பம்: தினமும் டிஃபரென்ஷியல், வாரத்தின் நடுவில் புதன் இரவு ஒரு க்யூமுலேட்டிவ். தரவு டேப்பில் போனால் இந்தப் புதன் க்யூமுலேட்டிவ் நன்றாகவே உதவும், ஏனென்றால் ஒவ்வொரு செட்டுக்கும் டேப் தேடி ஏற்றும் நேரம் மிச்சமாகும். எல்லாம் டிஸ்க்கில் என்றால் அவ்வளவு வித்தியாசம் தெரியாது.

சூழல் விஷயத்துக்கு வருவோம். ரூட் ஓட்டும் ஸ்கிரிப்ட், ஆரக்கிள் பயனராக மாறும்போது அந்தப் பயனரின் புரொஃபைல் கோப்பு ஓடும். அதில் ‘எந்த தரவுத்தளம் வேண்டும்?’ என்று கேட்கும் மெனு வைத்திருப்பார்கள், வேலை அங்கேயே தொங்கும். ஆரக்கிள் ஹோமையும் எஸ்ஐடியையும் (ஓடும் தரவுத்தளத்தின் பெயர்) ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள், புரொஃபைலை நம்ப வேண்டாம். லினக்ஸில் எஸ்ஐடிக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு. ஹோம் பாதையின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தால்கூட, ஓடிக்கொண்டிருக்கும் இன்ஸ்டன்ஸை விட்டுவிட்டு ‘தரவுத்தளம் தொடங்கப்படவில்லை’ என்று ஆர்மேன் சொல்லும். பாதையையும் எஸ்ஐடியையும் சேர்த்துத்தான் ஆரக்கிள் தன் பகிர்வு நினைவகத்தை அடையாளம் காண்கிறது. தரவுத்தளம் நன்றாக ஓடுகிறது, ஆர்மேன் மட்டும் இல்லை என்கிறது என்றால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். கடவுச்சொல்லை ஸ்கிரிப்டில் எழுதவே வேண்டாம். இயங்குதள அடையாளத்தோடு உள்ளே போகலாம். 12சி முதல் இதற்கென்றே சிஸ்பேக்கப் என்ற உரிமை இருக்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள சிஸ்டிபிஏ கொடுக்கத் தேவையில்லை.

ஆர்மேன் கட்டளைகள் அடங்கிய ரன் தொகுதிக்குள் வரிசை முக்கியம். முதலில் டேட்டாபேஸ். அது முடிந்ததும் நடப்பு லாகை ஆர்க்கைவ் செய்யச் சொல்லும் கட்டளை, பிறகு ஆர்க்கைவ் லாக் பேக்கப், கடைசியில் கன்ட்ரோல் ஃபைல் (தரவுத்தளத்தின் அமைப்பும் பேக்கப் பதிவுகளும் இருக்கும் கோப்பு). ஹாட் பேக்கப் (தரவுத்தளம் திறந்திருக்கும்போதே எடுப்பது) ஓடிக்கொண்டிருந்தபோது நடந்த மாற்றங்கள் அந்த லாகில்தான் இருக்கின்றன. அது இல்லாமல் ரீஸ்டோர் செய்த தரவுத்தளம் திறக்காது. கன்ட்ரோல் ஃபைல் கடைசியில் போவதற்குக் காரணம், இப்போது எடுத்த பேக்கப் பற்றிய விவரமும் அதற்குள் பதிவாகியிருக்க வேண்டும் என்பது. கன்ட்ரோல் ஃபைல் ஆட்டோபேக்கப்பையும் ஆன் செய்துவிடுங்கள், தரவுத்தளத்தின் அடையாள எண்ணான டிபிஐடியை வேறு இடத்தில் எழுதி வையுங்கள். ஆர்மேன் பதிவுகளுக்கான தனித் தரவுத்தளமான கேட்டலாகும் இல்லாமல், சர்வரும் போய்விட்டால் அந்த எண் இல்லாமல் ஆட்டோபேக்கப்பைத் தேடுவது பெரும்பாடு. பேக்கப் பீஸ் (ஆர்மேன் எழுதும் பேக்கப் கோப்பு) பெயரின் வடிவம் நேரமுத்திரையில் முடிய வேண்டும், அதாவது சதவீதக் குறியும் சிறிய டி எழுத்தும் கடைசியில் வர வேண்டும். நெட்பேக்கப் பீஸைத் தேடும்போது அந்த நேரத்தைப் பயன்படுத்துகிறது.

ஆர்க்கைவ் லாகுக்கு மட்டும் தனி ஸ்கிரிப்ட் வைக்கலாம், வைக்கவும் வேண்டும். இரவு ஒருமுறை எடுத்தால் மாலை 6 மணிக்குச் சர்வர் போனால் ஒரு பகல் முழுக்கப் போச்சு. அரை மணிக்கு ஒருமுறையோ மணிக்கு ஒருமுறையோ, உங்கள் நிறுவனம் எவ்வளவு இழக்கத் தயார் என்பதைப் பொறுத்து வையுங்கள். லாகுகள் சேரும் ரெக்கவரி ஏரியா நிறைந்து ஓரா-00257 வந்து தரவுத்தளமே ஸ்தம்பிப்பதையும் இது தடுக்கும். ஃபுல் ஓடும்போது லாக் பேக்கப் ஓடினால் தவறில்லை. ஆனால் ஒரு லாக் பேக்கப் முடியாமல் கிடக்க, அதன்மேல் இன்னொன்று கிளம்பக் கூடாது. அதற்கு லினக்ஸின் பூட்டுக் கட்டளையான எஃப்லாக் ஒன்றே போதும்.

இப்போது ஸ்கிரிப்டின் இரண்டாவது பொறுப்பு, முடிவைத் திருப்பிச் சொல்வது. ஆர்மேன் தோல்வியடைந்தால் சுழியம் அல்லாத வெளியேறும் குறியீட்டைத் தருகிறது. அதை ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் தெரியாமலேயே தொலைத்துவிடுகிறார்கள். ஆர்மேன் வெளியீட்டை (திரையிலும் கோப்பிலும் எழுதும்) டீ கட்டளைக்குப் பைப் செய்தால், ஷெல் பார்ப்பது டீயின் குறியீட்டை, டீ எப்போதும் வெற்றி. ஆர்மேன் முடிந்ததும் ‘பேக்கப் முடிந்தது’ என்று எக்கோ செய்துவிட்டுக் குறியீட்டைப் படித்தால், கிடைப்பது எக்கோவின் குறியீடு. லாக் கோப்பைச் சுருக்குவது, பழையதை அழிப்பது, மின்னஞ்சல் அனுப்புவது எதையாவது கடைசி வரியாக வைத்தாலும் இதே கதை. நெட்பேக்கப் 0 என்று பச்சை காட்டும், காலையில் அறிக்கை பளிச்சென்று இருக்கும். ஆர்மேன் அழைப்புக்கு அடுத்த வரியிலேயே குறியீட்டை ஒரு மாறியில் பிடித்து வையுங்கள், ஸ்கிரிப்டின் கடைசி வரி அந்த மாறியோடு வெளியேறட்டும். பைப் தவிர்க்க முடியாது என்றால் பேஷில் பைப்ஃபெயில் தெரிவை ஆன் செய்யுங்கள்.

தோல்வி யாருக்கும் தெரியாமல் போவது பற்றிச் சொல்லும்போது கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. தவறுதலாகப் பிரைமரியின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார்கள். பேக்கப்பைத் தேடியபோது, தினமும் ஓட வேண்டிய பிஜிடம்ப் (போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவி) வேலை தோல்வியடைந்துகொண்டே இருந்தது தெரிந்தது: தரவுத்தளம் 9.6, ஓடிய கருவியோ 9.2. தோல்வியைச் சொல்லும் கிரான் மின்னஞ்சல்கள் போகத்தான் செய்தன, ஆனால் டிமார்க் என்ற மின்னஞ்சல் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சேரவில்லை. சுமார் 6 மணி நேரத் தரவு போனது. நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். இதனால்தான் தோல்வி வந்தால் மட்டும் மின்னஞ்சல் என்ற ஏற்பாட்டை நான் நம்புவதில்லை. பேக்கப் ஸ்கிரிப்டோடு சம்பந்தமே இல்லாத ஒரு கண்காணிப்பு, தினமும் காலை வி$ஆர்மேன்_பேக்கப்_ஜாப்_டீட்டெய்ல்ஸ் பார்வையைக் கேட்டு, கடந்த 26 மணி நேரத்தில் ‘கம்ப்ளீட்டட்’ என்று முடிந்த டேட்டாபேஸ் பேக்கப் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லை என்றால் கத்தட்டும். ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை என்றாலும் இது பிடித்துவிடும்.

நெட்பேக்கப் பக்கம் பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது நிலை 6. கேட்ட கோப்புகளை பேக்கப் செய்ய முடியவில்லை என்று பொதுவாகச் சொல்லும், அதை வைத்து ஒன்றும் புரியாது. ஆர்மேன் லாகைத் திறந்து பிழை அடுக்கைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஓரா-27211 என்றால் நூலகம் இணைக்கப்படவில்லை. ஆரக்கிள் ஹோம் மாற்றி மேம்படுத்திய பிறகு வழக்கமாக வரும், இணைப்பு ஸ்கிரிப்டை மறுபடி ஓட்ட வேண்டும். ஓரா-19511 என்றால் நெட்பேக்கப் மறுத்திருக்கிறது, அதன் கீழே இருக்கும் செய்தியைப் பாருங்கள். நிலை 239 என்றால் கிளையன்ட் பெயர் பாலிசியில் இல்லை. சிறு பெயரா முழு டொமைன் பெயரா என்ற பழைய வழக்கு. 240 என்றால் பொருத்தமான வகை ஷெட்யூல் இல்லை.

சரி, இன்க்ரிமென்டல் ஏன் மெதுவாக இருக்கிறது? லெவல் 0 சரியாகவே இருக்கிறது என்றால், அடுத்த காரணம் பிளாக் சேஞ்ச் டிராக்கிங் ஆன் செய்யாதது. அது இல்லாமல், எது மாறியது என்று அறிய ஆர்மேன் 4 டெராபைட்டையும் ஒவ்வொரு பிளாக்காகப் படித்தே ஆக வேண்டும். எழுதுவது குறைவு, படிப்பது முழுசு. டிராக்கிங் ஆன் செய்தால் மாறிய இடங்களை ஆரக்கிளே ஒரு சிறிய கோப்பில் குறித்து வைக்கும். இது 10ஜியில் வந்த வசதி, என்டர்பிரைஸ் எடிஷனில் மட்டும் உண்டு, உங்களிடம் இருக்கிறது. கோப்பின் அளவு தரவில் ஏறக்குறைய 30,000-இல் ஒரு பங்கு. உங்களுக்குச் சுமார் 140 மெகாபைட். தரவுத்தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆன் செய்யலாம். ஆன் செய்தபின் ஒரு லெவல் 0 எடுத்த பிறகுதான் பலன் தெரியும், மறுநாளே வேகம் வரவில்லை என்று அணைத்துவிடாதீர்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க வி$பேக்கப்_டேட்டாஃபைல் பார்வையில் ‘யூஸ்டு_சேஞ்ச்_டிராக்கிங்’ நெடுவரிசையைப் பாருங்கள். ‘பிளாக்ஸ்_ரெட்’ எண்ணை ‘டேட்டாஃபைல்_பிளாக்ஸ்’ எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் முழுக்கப் படிக்கிறது என்று அர்த்தம். ஒரு வரம்பும் உண்டு. அந்தக் கோப்பு இயல்பாக 8 பிட்மேப்களை (எந்த இடம் மாறியது என்ற குறிப்புகளை) மட்டுமே வைத்துக்கொள்ளும். ஞாயிறு லெவல் 0-க்குப் பின் 7 டிஃபரென்ஷியல் ஓடிவிட்டு, அடுத்து க்யூமுலேட்டிவ் எடுத்தால், லெவல் 0-க்கான பிட்மேப் அழிந்திருக்கும், ஆர்மேன் மறுபடி எல்லாவற்றையும் படிக்கும். தினம் ஒன்று என்றால் பிரச்சினை இல்லை. நாளுக்கு நான்கு முறை லெவல் 1 எடுப்பவர்கள் இதில் மாட்டுவார்கள். ஸ்டேண்ட்பையிலிருந்து பேக்கப் எடுக்கும் எண்ணம் இருந்தால், அங்கே டிராக்கிங் ஆன் செய்ய ஆக்டிவ் டேட்டா கார்ட் உரிமம் வேண்டும். கட்டளை தடுக்காது என்பதற்காக ஆன் செய்துவிட்டுத் தணிக்கையில் விழிக்க வேண்டாம்.

டிராக்கிங் இருந்தும் சில இரவுகளில் இன்க்ரிமென்டல் வீங்கினால், அந்த இரவில் தரவுத்தளத்தில் என்ன ஓடியது என்று பாருங்கள். ஒரு வரிசையில் ஓர் எழுத்து மாறினாலும் 8 கிலோபைட் பிளாக் முழுசாகத்தான் போகும். இண்டெக்ஸ் ரீபில்டு, டேபிள் மூவ், பழைய தரவு நீக்கம் எல்லாம் பிளாக்குகளைக் கொத்துக் கொத்தாக மாற்றுகின்றன. வாராந்திர இண்டெக்ஸ் வேலையை ஃபுல்லுக்கு முந்தைய மதியத்துக்கு நகர்த்தினாலே பல இடங்களில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இன்னொரு வினோதம் டிராக்கிங் இல்லாத இடங்களில் வரும்: ஃபுல் ஒழுங்காக முடியும், இன்க்ரிமென்டல் மட்டும் நேரம் கடந்து அறுந்துபோகும். ஆர்மேன் படித்துக்கொண்டே போகிறது, மாறிய பிளாக் எதுவும் கிடைக்கவில்லை, அதனால் பேக்கப்பைச் சேமிக்கும் மீடியா சர்வருக்கு ஒன்றும் அனுப்பவில்லை. மீடியா சர்வர் 300 விநாடி காத்துப் பார்த்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறது. கிளையன்ட் ரீட் டைம்அவுட்டின் இயல்பு மதிப்பு அதுதான். தரவுத்தள பேக்கப்புக்கு 900-க்குக் குறையாமல் வையுங்கள். நடுவில் ஃபயர்வால் இருந்தால், அது சும்மா கிடக்கும் இணைப்பை எப்போது வெட்டுகிறது என்று நெட்வொர்க் ஆட்களிடம் கேளுங்கள். லினக்ஸின் கீப்அலைவ் இயல்பாக 7200 விநாடிக்குப் பிறகே பேசத் தொடங்கும், அதற்குள் ஃபயர்வால் முந்திக்கொள்ளும்.

மூன்றாவது கேள்வி, 30 நாள். இங்கே இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன: ஆர்மேனுடையது ஒன்று, நெட்பேக்கப்புடையது ஒன்று. பேக்கப்புகளுக்கு இடையிலான சார்பு ஆர்மேனுக்குத் தெரியும். 30 நாள் ரெக்கவரி விண்டோ என்று சொன்னால், 30-ஆவது நாளுக்குத் திரும்பிப் போக அதற்கு முந்தைய லெவல் 0 வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதையும் காப்பாற்றி வைக்கும். நெட்பேக்கப்புக்கு லெவல் எல்லாம் தெரியாது, ஒவ்வொரு பீஸையும் தேதி பார்த்து அழிக்கும். நீங்கள் அங்கேயும் ஒரு மாதம் என்று வைத்தால் என்ன ஆகும்? ஒரு செவ்வாய்க்கிழமை நின்று 30 நாள் பின்னால் போக வேண்டுமென்றால், உங்களுக்குத் தேவையான லெவல் 0 ஏறக்குறைய 37 நாள் பழையதாக இருக்கக்கூடும். அதை நெட்பேக்கப் ஒரு வாரம் முன்பே அழித்திருக்கும். லெவல் 1-களும் லாகுகளும் பத்திரமாக இருக்கும், அவற்றை எதன்மேல் போடுவது? ஒரு ஞாயிறு ஃபுல் தவறிப்போனால் 44 நாள் ஆகிவிடும். ஆகவே ஆர்மேனில் 30 நாள் விண்டோ, நெட்பேக்கப்பில் 2 மாதம். அது இயல்பாக வரும் கால அளவுகளில் ஒன்று, புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. 30 நாளுக்கு மேல் வேண்டாதவற்றை ஆர்மேனின் ‘டிலீட் அப்சலீட்’ நெட்பேக்கப்பிலும் சேர்த்து அழித்துவிடும். மாற்ற முடியாத வகைச் சேமிப்பகம் என்றால் அங்கே முன்கூட்டி அழிக்க முடியாது. அப்போது நெட்பேக்கப்பின் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கவனிக்க: இந்த 2 மாதத்தை அப்ளிகேஷன் பேக்கப் ஷெட்யூலில் வைக்க வேண்டும். ஸ்கிரிப்ட் வகைப் பாலிசியில் ஆட்டோமேட்டிக் ஷெட்யூலில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கால அளவு தரவுக்குப் பொருந்தாது. ‘ஃபுல்லுக்கு 3 மாதம் வைத்தேனே, எங்கே போனது?’ என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இதுதான். ஃபுல்லுக்கும் லாகுக்கும் வேறு வேறு கெடு வேண்டுமென்றால் இரண்டு அப்ளிகேஷன் ஷெட்யூல் உருவாக்கி, சேனலில் ‘என்பி_ஓரா_ஷெட்’ மாறியால் எதற்கு எது என்று சொல்லுங்கள்.

தனி ரெக்கவரி கேட்டலாக் வைக்காமல் கன்ட்ரோல் ஃபைலையே நம்பினால், ‘கன்ட்ரோல்_ஃபைல்_ரெக்கார்டு_கீப்_டைம்’ அளவுருவைப் பாருங்கள். இயல்பு 7 நாள். அதன்பிறகு பழைய பேக்கப் பதிவுகளின் மேல் புதியவை எழுதப்படலாம். 30 நாள் வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், பீஸ்கள் நெட்பேக்கப்பில் இருக்கும், ஆர்மேனுக்கு அவை நினைவில் இருக்காது. 60-க்கு மேல் வையுங்கள்.

கிராஸ்செக் (பதிவில் உள்ள பேக்கப்புகள் சேமிப்பகத்தில் இருக்கின்றனவா என்ற சரிபார்ப்பு) பற்றிப் பலர் சொல்லும் அறிவுரையில் எனக்கு உடன்பாடில்லை. தினசரி ஸ்கிரிப்டில் ‘கிராஸ்செக் பேக்கப்’, உடனே ‘டிலீட் எக்ஸ்பயர்டு’ என்று கேள்வி கேட்காமல் ஓட்டச் சொல்வார்கள். கிளையன்ட் பெயர் ஒருநாள் மாறிப்போய் நெட்பேக்கப் ‘அந்தப் பெயரில் எதுவும் இல்லை’ என்றால், கிராஸ்செக் இருப்பதையெல்லாம் காலாவதி என்று குறிக்கும், அடுத்த வரி பதிவுகளைத் துடைத்துவிடும். கிராஸ்செக் தனி வேலையாக வாரம் ஒருமுறை ஓடட்டும். காலாவதியான பீஸ்களின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மேல் இருந்தால் ஸ்கிரிப்ட் நிற்கட்டும், அழிப்பதை ஒரு மனிதர் முடிவு செய்யட்டும்.

சேமிப்பகம் டீடூப்ளிகேஷன் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும்) வகை என்றால் சுருக்கமாக: ஃபைல்ஸ்பெர்செட் (ஒரு பேக்கப் செட்டில் எத்தனை கோப்பு) 1, ஆர்மேன் கம்ப்ரெஷன் வேண்டாம். பல டேட்டாஃபைல்களின் பிளாக்குகள் ஒரே பீஸில் கலந்து போனால் நேற்றையதோடு இன்றையது பொருந்தாது, இடம் மிச்சமாகாது. ஆரக்கிளின் டிடிஇ குறியாக்கம் செய்த டேபிள்ஸ்பேஸ்களிலும் பெரிதாக மிச்சம் எதிர்பார்க்காதீர்கள். சேனல் எண்ணிக்கை, ஸ்டோரேஜ் யூனிட் ஒரே நேரத்தில் அனுமதிக்கும் வேலைகளுக்கு மேல் போகக் கூடாது. மிகப் பெரிய டேட்டாஃபைல் ஒன்று மட்டும் கடைசிவரை இழுத்தால் செக்ஷன் சைஸ் கொடுத்துத் துண்டாக்கலாம். 12சி முதல் லெவல் 1-க்கும் அது செல்லும்.

சோதனைக்கு மூன்று படி இருக்கிறது, மூன்றும் ஒன்றல்ல. ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ் ப்ரிவ்யூ’ பதிவுகளை மட்டும் பார்த்து எந்தெந்த பீஸ் வேண்டும் என்று சொல்லும், சேமிப்பகத்தைத் தொடாது. ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ் வேலிடேட்’ பீஸ்களை உண்மையிலேயே வரவழைத்துப் படிக்கும், எழுதாது. இதை மாதம் ஒருமுறை தானாக ஓட விடலாம், இதற்கும் அதே வெளியேறும் குறியீட்டு ஒழுக்கம் வேண்டும். ஆனால் இது லெவல் 0-ஐத்தான் பார்க்கும் என்பதால், ஆர்க்கைவ் லாகுகளுக்குத் தனியாக வேலிடேட் கொடுங்கள். மூன்றாவது, வேறொரு சர்வரில் முழுசாக எழுப்பிப் பார்ப்பது. அதற்கு நெட்பேக்கப் மாஸ்டரில் ஆல்ட்நேம்ஸ் கோப்புறையில் அந்த இன்னொரு சர்வருக்கு அனுமதி கொடுத்து, சேனலில் ‘என்பி_ஓரா_கிளையன்ட்’ மாறியில் பழைய சர்வரின் பெயரைத் தர வேண்டும். இந்த அனுமதியைக் கேட்டு வாங்கும் வேலை ஒன்றே சில நிறுவனங்களில் இரண்டு நாள் இழுக்கும், அதை நல்ல நாளிலேயே முடித்து வையுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் ஸ்கிரிப்டைத் திருத்துவதற்கு முன் இன்றைக்கே மூன்றைப் பார்ப்பேன்: ஞாயிறு பேக்கப் லெவல் 0-தானா, வி$பேக்கப்_டேட்டாஃபைலில் பிளாக்ஸ்_ரெட் என்ன சொல்கிறது, அப்ளிகேஷன் பேக்கப் ஷெட்யூலின் கெடு எவ்வளவு. முதல் இரண்டில் ஒன்று உங்கள் மெதுவான இன்க்ரிமென்டலை விளக்கிவிடும் என்று நினைக்கிறேன். மூன்றாவது ஒரு மாதமாக இருந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை முதலில் மாற்றுங்கள். மாற்றியது புதிய பேக்கப்புகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே எடுத்தவற்றின் கெடுவை நெட்பேக்கப் நிர்வாகியிடம் சொல்லித் தனியாக நீட்டிக்க வேண்டும்.